நீராவிப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் மூளை செல் பிழைக்குமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 67 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முன் வங்கியில் பணம் எடுக்கும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று. முதல் எழுத்து பழைய அளவில் இருக்க, போகப்போகச் சிறுத்துக் கடைசி எழுத்து எறும்பு அளவுக்கு ஆகியிருந்தது. பார்கின்சன் நோய் அப்படித்தான் வெளியே தெரிந்தது. லெவோடோபா கலந்த மாத்திரை தினம் நான்கு வேளை, நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் இரண்டு வேளை. பெரிய சிக்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பங்குனியில் வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். 'செல் புத்துயிர்' சிகிச்சை. தலை மட்டும் வெளியே தெரிய, நீராவிப் பெட்டிக்குள் இருபது நிமிடம் உட்கார வேண்டும். உடம்பு சூடானால் 'ஹீட் ஷாக் புரோட்டீன்' சுரக்கும், அது மூளையில் சேர்ந்திருக்கும் கெட்ட புரதத்தைக் கரைக்கும், பார்கின்சன் பின்வாங்கும் என்கிறார்கள். சவுனா (சூட்டறைக் குளியல்) பற்றிய ஃபின்லாந்து ஆய்வு ஒன்றையும் அண்ணன் சான்றாகக் காட்டியிருக்கிறார். 24 தடவைக்கு 48,000 ரூபாய், 30,000 கட்டியாயிற்று. நாலாவது தடவை முடிந்து வெளியே வந்தவர் செருப்பு மாட்டக் குனிந்து நிமிர்ந்ததும் விழுந்து உதடு கிழிந்துவிட்டது. மையத்தில் சொன்ன பதிலை வாசகி அப்படியே எழுதியிருக்கிறார்: "செல்லுக்கு அதிர்ச்சி குடுத்தாத்தானுங்க புரதம் வரும். மயக்கம் வருதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்ங்க." கூடவே, மாத்திரை அந்தப் புரதத்தை அமுக்கிவிடும் என்று சொல்லி நான்கு வேளையை இரண்டாகக் குறைத்திருக்கிறார்கள். காலையும் இரவும் ஒரு பழுப்புப் பொடி வேறு.

"அண்ணன் சொல்ற அறிவியல் உண்மையா பொய்யா? நான் நிறுத்தச் சொன்னா அப்பாவுக்குக் கிடைச்ச ஒரு வாய்ப்பைக் கெடுத்தவள் ஆயிருவேனா? மீதிப் பணம் திரும்ப வருமா? அந்தச் சூட்டுல தசை இளகுதுன்னு அப்பா ஆசையா சொல்றாரு, அதையும் பிடுங்கணுமா?" இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

அறிவியலைப் பற்றி நிறையப் பேசலாம், பேசவும் போகிறேன். அதற்கு முன் மாத்திரை. இதைப் படித்ததும் அப்பாவின் நரம்பியல் மருத்துவருக்குப் போன் செய்து, எந்தத் தேதியிலிருந்து எத்தனை வேளை குறைந்தது என்று சொல்லுங்கள். விட்டதை நீங்களாகவே ஒரே நாளில் ஏற்றிவிட வேண்டாம், எப்படி ஏற்றுவது என்று அவர் சொல்லட்டும்.

லெவோடோபாவைச் சட்டென்று குறைத்தால் நடை கெடும், உடல் இறுகும். அது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்டு. சிலருக்கு உடல் மரக்கட்டையாக இறுகி, கடும் காய்ச்சல் ஏறி, நினைவு தடுமாறி, தசை சிதைந்து சிறுநீரகம் வரை போய்விடும். உயிருக்கே ஆபத்தான நிலை. நீர்ச்சத்துக் குறைவும் வெயிலும் அதற்குத் துணைபோகும். மாத்திரையைக் குறைத்துவிட்டு ஆளைச் சூட்டுப் பெட்டியில் உட்கார வைப்பது, அதுவும் கத்திரி வெயிலில்! இவ்வளவு கச்சிதமாக ஆபத்தை யாராவது திட்டமிட்டுக் கொண்டுவர முடியுமா என்று எனக்கே தோன்றியது. காய்ச்சல், திடீர் இறுக்கம், குழப்பமான பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் 108ஐ அழையுங்கள்.

'மாத்திரை புரதத்தை அமுக்கும்' என்பது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். லெவோடோபா குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் அதே வாசல் வழியாகத்தான் பருப்பு, முட்டை, கறியிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் போகின்றன. வாசலில் நெரிசல் ஆனால் மருந்து பின்தங்கும். அதனால்தான் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்கிறோம். அது சாப்பாட்டுப் புரதம். யாரோ அதைக் காதில் வாங்கி, 'புரதம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு கதையைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்பது என் ஊகம். லெவோடோபா நோயை வளர்க்கிறதா என்ற பயமும் பலருக்கு உண்டு. மாத்திரையை முன்னதாகத் தொடங்கியவர்களையும் 40 வாரம் தள்ளித் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. முன்னதாகத் தொடங்கியதால் நோயின் வேகம் குறையவுமில்லை, கூடவுமில்லை.

அந்தப் பழுப்புப் பொடியையும் உடனே டப்பாவோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். பூனைக்காலி விதைப் பொடியாக இருந்தால் அதிலேயே லெவோடோபா இருக்கிறது. ஒரு கையால் அளந்த மருந்தைப் பிடுங்கி, மறு கையால் அளவு தெரியாமல் அதையே ஊட்டியதாகிவிடும்.

அண்ணன் சொல்வதில் உண்மை எவ்வளவு

பாதிக்கு மேல் உண்மை. சிக்கலே அதுதான். முழுப் பொய்யாக இருந்தால் படித்த உங்கள் அண்ணன் 30,000 ரூபாய் கட்டியிருக்க மாட்டார்.

1962இல் இத்தாலியில் ஃபெருச்சியோ ரிடோசா என்பவர் பழ ஈயின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈக்களை வைத்திருந்த பெட்டியின் சூட்டை யாரோ தெரியாமல் ஏற்றிவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குரோமோசோமில் வழக்கமில்லாத இடங்களில் புடைப்பு. அங்கே ஏதோ மரபணுக்கள் அவசரமாக விழித்திருக்கின்றன. கட்டுரையை ஒரு பெரிய இதழ் வேண்டாம் என்று திருப்பிவிட்டது, வேறொன்றில் வெளியானது. அந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் 1974இல்தான் கைக்குக் கிடைத்தன. சூட்டில் கண்டதால் 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' என்று பெயர் நின்றுவிட்டது. அந்தப் பெயர்தான் இன்று உங்கள் வீட்டில் குழப்பம் செய்கிறது. ஆக்சிஜன் குறைந்தாலும், நஞ்சு சேர்ந்தாலும், கன உலோகம் பட்டாலும் இதே புரதங்கள் வரும். சூடு, வரக்கூடிய பல வழிகளில் ஒன்று.

இவற்றின் வேலையை நெசவு ஊர்க்காரரான உங்களுக்குச் சொல்வது எளிது. தறி ஓடும்போது இழை அறும், பாவு சிக்கும். பக்கத்தில் ஒரு கை தயாராக இருந்து உடனே சிக்கெடுத்துப் பிணைத்தால்தான் துணி கெடாது. செல்லுக்குள் புரதம் என்பதும் நீளமான இழைதான். சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். சூட்டிலோ நோயிலோ மடிப்புக் குலைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் ஒன்றான எச்எஸ்பி70 குலைந்த இழையைப் பிடித்து, மறுபடி மடிய விட்டு, தேறாததைக் கழிவுக்கு அனுப்புகிறது. பார்கின்சனில் இப்படிக் கட்டியாவது ஆல்ஃபா-சைனூக்ளீன் என்ற புரதம். அந்தக் கட்டிகளைச் சாயமேற்றிப் பார்த்தால் உள்ளே எச்எஸ்பி70ம் இருக்கிறது. சிக்கெடுக்கப் போன ஆளும் சேர்ந்து சிக்கியிருக்கிறார்.

2002இல் வந்த ஒரு பழ ஈ ஆய்வு இந்தத் துறையில் எல்லோரையும் நிமிர வைத்தது. மனிதனின் ஆல்ஃபா-சைனூக்ளீனை ஈக்குக் கொடுத்தால் அதன் டோபமைன் செல்கள் (பார்கின்சனில் சாகும் அதே வகை மூளை செல்கள்) சாகின்றன. எச்எஸ்பி70யையும் சேர்த்துக் கொடுத்தால் பிழைக்கின்றன. வீடியோக்காரர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார். அந்த ஈக்களுக்கு மரபணுவைச் சேர்த்துத்தான் புரதத்தைக் கொடுத்தார்கள், யாரும் நீராவி பிடிக்கவில்லை. அதோடு, எச்எஸ்பி70ம் அதன் கூட்டாளிகளும் கட்டியை உடைக்கும்போது சிதறும் துண்டுகளே பக்கத்து செல்லுக்குப் பரவும் விதையாகலாம் என்று 2020இல் புழுக்களில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. கரைப்பது எப்போதும் நல்லது என்று கண்ணை மூடிச் சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம், நரம்பு செல்லின் சுபாவம். தோல், கல்லீரல், தசை எல்லாம் சூடு பட்டதும் இந்தப் புரதத்தைத் தாராளமாக உண்டாக்கும். நரம்பு செல் கஞ்சன். அன்றாடத் தேவைக்கு ஒரு கையிருப்பு வைத்திருக்கும். அவசரத்துக்குப் புதிதாக உண்டாக்கு என்றால் லேசில் அசையாது. மான்ட்ரியலில் எலியின் இயக்க நரம்பு செல்களை வளர்த்துச் சூடேற்றிப் பார்த்தார்கள், 2003இல் வெளியான ஆய்வு. சுற்றியிருந்த துணை செல்கள் எச்எஸ்பி70யை உண்டாக்கின. நரம்பு செல்கள் உண்டாக்கவில்லை. புரதத்தை எழுப்பும் எச்எஸ்எஃப்1 என்ற சுவிட்ச் அவற்றில் அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது. அவை தண்டுவட செல்கள். உங்கள் அப்பாவுக்குப் பாதிப்பு நடுமூளையில். இருந்தாலும் சூடு ஏற்றினால் நரம்பு செல் தானாகப் புரதம் சுரக்கும் என்ற கணக்கு எவ்வளவு பலவீனமானது என்று புரியும். (கணவாயின் தடித்த நரம்பிழைக்கு அதைச் சுற்றியிருக்கும் துணை செல்களே இந்த வகைப் புரதத்தைக் கைமாற்றிக் கொடுப்பதை 1986இலேயே கண்டிருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த ஆய்வு அது. தானாகச் செய்துகொள்ளாதவனுக்குப் பக்கத்து வீடு சோறு போடுவதுபோல.)

சுவிட்சை மருந்தால் தட்டலாமே என்று முயன்றதும் உண்டு. அரிமோக்ளோமால் என்ற மருந்து, ஏஎல்எஸ் என்னும் இயக்க நரம்பு நோய் வந்த எலிகளின் ஆயுளை 22 சதவீதம் நீட்டியதாக 2004இல் செய்தி வந்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். மனிதர்களில் மூன்றாம் கட்டச் சோதனை 2021இல் தோற்றது. அதே மருந்துக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நீமன்-பிக் சி என்ற வேறொரு அரிய பரம்பரை நோய்க்கு. ஆக, கதவு மூடிவிடவில்லை. எலியில் ஜெயித்து, அளந்து கொடுத்த ஒரு மருந்தே இத்தனை வருடம் தடுமாறியிருக்கிறது. மரப்பெட்டியும் ஆவிக் குழாயும் இருபது நிமிடத்தில் அதைச் சாதிக்கும் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

பெட்டிக்குள் அப்பாவுக்கு நடந்தது

ஆய்வகத்தில் மனித செல்லில் இந்தப் புரதத்தை எழுப்ப வழக்கமாக 42, 43 டிகிரி செல்சியஸில் அரை மணி, ஒரு மணி நேரம் வைப்பார்கள். உங்கள் அப்பாவின் மூளை அந்தச் சூட்டை எட்டினால் அதற்குப் பெயர் வெப்பத் தாக்கு, சன் ஸ்ட்ரோக். உள்ளுடல் சூடு 40ஐத் தாண்டி நினைவு தடுமாறினாலே அந்தப் பெயர்தான். அதில் பிழைத்தவர்கள் சிலருக்கு நடை தள்ளாடியே நின்றுவிடும், பேச்சு குழறும். சிறுமூளையின் புர்கின்ஜி செல்கள் சூட்டைத் தாங்காமல் முதலில் சாவதால் வரும் வினை அது. எட்டவில்லை என்றால், மூளை செல்லுக்கு அவர்கள் சொல்லும் 'அதிர்ச்சி'யே கிடைக்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

மயக்கத்துக்கு வருகிறேன். பார்கின்சனில் கை கால் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. ரத்த அழுத்தத்தையும் வியர்வையையும் கவனிக்கும் தானியங்கி நரம்புகளும் மந்தமாகின்றன. சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும், ரத்தம் கீழே இறங்கும். எழுந்தால் நமக்கெல்லாம் குழாய்கள் உடனே சுருங்கி மூளைக்கு ரத்தத்தைத் தள்ளிவிடும். அவருக்குச் சுருங்கத் தாமதமாகிறது, கண் இருட்டுகிறது, விழுகிறார். லெவோடோபாவே அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். போதாததற்கு அவர் சாப்பிடும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வியர்வையைக் குறைக்கும் மருந்து. ஆவி நிறைந்த பெட்டியில் வருகிற கொஞ்ச வியர்வையும் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அவர் கழுத்து வரை மூடிய பெட்டியில், வெளியேறும் வழியில்லாத சூட்டோடு உட்கார்ந்திருந்தார். மயக்கம் எந்தப் புரதம் வந்ததற்கும் அறிகுறி இல்லை. அடுத்த தடவை உதட்டோடு போகாமல் இடுப்பெலும்பு உடையலாம்.

வயதானவர்களுக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் மறதி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பும் தரும். அது இன்னமும் வேண்டுமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அண்ணன் காட்டிய ஃபின்லாந்து ஆய்வு நிஜமானது. 42 முதல் 60 வயது வரையான 2,315 ஆண்களை இருபது வருடம் போலப் பின்தொடர்ந்தார்கள். வாரத்துக்கு நான்கிலிருந்து ஏழு முறை சவுனா போனவர்களுக்கு, ஒரே முறை போனவர்களைவிட மறதி நோய் வரும் அபாயம் 66 சதவீதம் குறைவு. 2017இல் வெளியானது. அது மறதி நோயைப் பற்றியது. பார்கின்சன் வந்தவர்கள் குணமானதாக அதில் ஒரு வரி கிடையாது. தினமும் சவுனா போகிற ஆள் ஏற்கெனவே திடமான ஆள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுடைய சவுனா வேறு உலர்ந்த சூடு, வியர்வை காயும். பிறந்ததிலிருந்து பழகியவர்கள். இருபது வயதிலிருந்து ஆற்றில் நீந்தியவர்களின் இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்காக, நீச்சல் தெரியாத 67 வயதுக்காரரைக் காவிரியில் தள்ளுவோமா?

வாய்ப்பைக் கெடுக்கிறேனா என்ற பயம்

இல்லை. நீங்கள் நிறுத்தச் சொல்வது நிரூபணமே இல்லாத ஒன்றை. அண்ணனிடம் "நீ ஏமாந்துவிட்டாய்" என்று தொடங்காதீர்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பணம் கட்டுவது ஒன்றுதான் கைக்கு எட்டுகிற சேவை. அந்தப் பணத்தை வேறு இடத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள்.

எந்த இடம் என்றால், பிசியோதெரபி. பார்கின்சனில் உடற்பயிற்சிக்கு இருக்கும் சான்று நீராவிக்கு இல்லை. நோயின் தொடக்கத்தில் இருந்த 128 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனை 2018இல் வெளியானது. இதயத் துடிப்பை உச்சத்தின் 80–85 சதவீதத்துக்கு ஏற்றி டிரெட்மில்லில் நடந்தவர்களின் நோய் மதிப்பெண் ஆறு மாதத்தில் 0.3 மட்டுமே கூடியது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2. மதிப்பெண் கூடினால் நோய் முற்றுகிறது என்று பொருள். உங்கள் அப்பா ஆறு வருட நோயாளி, அழுத்தம் இறங்குகிறவர். அந்த வேகம் அவருக்கு ஆகாது. அவருடைய உடம்புக்கு ஏற்ற வேகத்தை ஒரு பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்லட்டும். கூடவே எழுத்துப் பயிற்சி: கோடு போட்ட நோட்டில், கோட்டைத் தொடும்படி பெரிது பெரிதாகத் தினம் அரைப் பக்கம். கணக்கெழுதிய கை, ஆசையாகவே செய்வார்.

வீட்டில் பி.பி. கருவி இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை பாருங்கள். எழுப்பி நிறுத்தி, பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்தக் காகிதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இதை வைத்து அவர் மாற்றக்கூடிய மருந்துகள் உண்டு.

பணம்

நான் வக்கீல் இல்லை. பல குடும்பங்களோடு இதே பாதையில் நடந்த அனுபவத்தில் சொல்கிறேன். சிகிச்சையை நிறுத்துவதாகவும், கட்டிய 30,000இல் போன நான்கு தடவைக்கு உரியது போக மீதியைத் திருப்பித் தரும்படியும் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வீடியோ, மாத்திரையைக் குறைக்கச் சொன்ன சீட்டு எதையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் மனு கொடுக்கலாம். மூளை நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1954இலிருந்தே இருக்கிறது. உங்கள் புகாரில் அதையும் ஒரு வரி குறிப்பிட்டால் பதில் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

அந்தச் சூட்டு சுகம்

அப்பா பொய் சொல்லவில்லை. இறுகிய தசைக்கு வெதுவெதுப்பு இதம்தான், அரை மணி, ஒரு மணி நேரம் நிஜமாகவே இளகும். மூளைக்குள் எதுவும் மாறாது, தோளுக்கும் முதுகுக்கும் சுகம். பிடுங்க வேண்டாம். காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும், வெயில் ஏறுவதற்குள், வெந்நீர்க் குளியல் கொடுங்கள். குழந்தைக்கு ஊற்றுவதுபோல முழங்கையை விட்டுப் பார்த்த சூடு போதும், பத்து நிமிடம் போதும். முதுகு சாய்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கட்டும். குளிப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர், முடிந்ததும் ஒரு டம்ளர். குளித்தவுடன் எழுந்திருக்காமல், கால்களை இருபது தடவை ஆட்டிவிட்டு எழட்டும். குளியலறைத் தாழ்ப்பாளை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.